ஊக்கு போன வழி

அந்த வீட்டை விட்டு அரை மைல் நடந்த பிறகுதான், பாத்திரம் துடைக்கிற துணி இன்னும் என் இடுப்பில் செருகியிருப்பதைக் கவனித்தேன். அவர்களுடைய துணி. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. உருவி, இடுப்பில் இருந்த மகளின் தாடைக்கடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒன்றரை வயது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சோறு இறங்கவில்லை. முலையைக் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இட்லியைப் பிசைந்து ஊட்டினால் அப்படியே வெளியே வந்தது.

சிங்கப்பூரில் பிடோக் அப்போது தென்னந்தோப்பும் கடலும்தான். கடற்கரை ஓரத்தில் நின்ற பெரிய வீடுகளில் ஒன்றில் நான் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தேன். வீட்டு அம்மாவிடம், பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, டவுனுக்குப் போய்வருகிறேன் என்று கேட்டேன். சளிதான், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். அன்று புதன்கிழமை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிவிட்டேன். நான் வேலையை விட்டு வந்த இடங்களில் சொல்லிக்கொண்டு வந்தவை குறைவு.

ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். பிறகு மரத்தில் பால் வெட்டினேன், மூவாரில் துணி வெளுத்தேன், பத்து பஹாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டினேன், கல்யாணம் கட்டிக்கொண்டேன், சிங்கப்பூருக்கு வந்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல இருந்ததாக நினைவில்லை. கட்டிக்கொண்டவரும் அதே மாதிரிதான். கப்பலில் ஏறிப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதற்காக நான் அழுதுகொண்டிருக்கவும் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்யலாம் என்று பழகியிருந்தேன். அந்த இடுப்பில்தான் அன்று பாரம் குறைந்திருந்தது. ஒரே நாளில் ஒரு பிள்ளை அவ்வளவு இளைக்குமா என்று தெரியவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. நடக்க நடக்க அவள் லேசாகிக்கொண்டே வருவது போல இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எங்கள் ஆட்களில் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்: பிள்ளை சோற்றை ஒதுக்கி எச்சில் ஒழுக்கினால் அது தொக்கம். தின்ற ஏதோ ஒன்று, ஒரு முடியோ பருக்கையோ, உள்ளே ஒட்டிக்கொண்டு மற்றதை இறங்கவிடாமல் தடுக்கிறது. அதை எடுப்பதற்கென்று ஆள் இருப்பார்கள். வயிற்றை நீவி, தொண்டையை நீவி, குழலால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எனக்கும் சின்ன வயதில் எடுத்திருக்கிறார்கள். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், மாட்டுக் கொட்டகைகள் இருந்த சந்தில் அப்படி ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ் பிடித்து, இறங்கி, சிராங்கூன் ரோட்டில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். மாடு கறந்துகொண்டிருந்தவள், எழுந்து கையைக் கழுவினாள்.

"எத்தனை நாளாச்சு?"

"நேத்து மத்தியானத்துலேருந்து, அக்கா."

"அக்காவாம். வர்றவளுக எல்லாம் அக்காங்குறாளுக. அப்புறம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்காரனுக்கு எம் பேரைச் சொல்லிக் குடுத்துர்றாளுக. ஒக்காரு. பிள்ளையைப் படுக்கப் போடு."

என் மடியில் போட்டேன். உள்ளங்கையில் எண்ணெய் தடவி, வயிற்றிலிருந்து மேலாக நீவினாள். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் கீழ்நோக்கி நீவினாள். மகள் வீரிட்டாள். ஒரு சின்னப் பித்தளைக் குழலின் ஒரு முனையைப் பிள்ளையின் தொண்டைக்குழியில் வைத்து, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். கொட்டாங்கச்சியில் துப்பினாள். அதில் ஒரு சோற்றுப் பருக்கையும் ஒரு துண்டு முடியும் கிடந்தன. தோலில் ஓட்டை இல்லை, கீறல் இல்லை, எப்படி வந்தது என்று வாயைப் பிளந்து பார்த்தேன். அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைப் பற்றிச் சண்டை போட வருகிறவர்களிடம் நான் பேசுவதில்லை.

"இப்பக் குடு," என்று ஒரு வாழைப்பழத்தை உரித்து ஒரு விள்ளலைத் தந்தாள்.

மகள் வாங்கினாள். விழுங்கப் பார்த்தாள். முகம் சிவந்து, உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு, பழம் வெளியே வந்தது. அதோடு நூல் அளவு ரத்தமும் வந்தது.

அந்த அம்மாள் குனிந்து அந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கயித்துல எத்தனை ஊக்கு வச்சிருக்க?"

எங்களில் எல்லாப் பெண்களும் வைத்திருப்போம். தாலிக் கயிற்றில் இரண்டு மூன்று ஊக்குகள் கோத்திருக்கும். ரவிக்கைப் பொத்தான் அறுந்தால், பிள்ளையின் சட்டை கிழிந்தால், காலில் முள் ஏறினால், எட்டிப் போய்த் தேட வேண்டாம். யாராவது கேட்டால் ஒன்றைக் கழற்றிக் கொடுப்போம், யாரிடமாவது ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வோம். பிள்ளைகள் பால் குடிக்கும்போது கை சும்மா இருக்காது. அந்த ஊக்குகளைப் பிடித்து இழுக்கும், கிலுக்கும், திறந்து மூடும். என் மகளுக்கு அதைவிட்டால் வேறு விளையாட்டுச் சாமான் கிடையாது.

கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு இருந்தன.

"முன்ன எத்தனை இருந்துச்சு?"

"தெரியல. மூணா... நாலா..."

"மாட்டுக்கு எத்தனை காம்புன்னு கேட்டா சொல்லுவ. நெஞ்சுல தொங்குறது எத்தனைன்னு தெரியாது ஒனக்கு." அவள் குரலில் கேலி இல்லை. கையிலிருந்த எண்ணெயைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நான் நீவிட்டேனேடி. ஊக்குன்னா நீவியிருக்கக் கூடாது. எந்திரி. பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. எம் பேரைச் சொல்லாத."

அவளே தெருவுக்கு வந்து ஒரு ட்ரைஷாவை, மூன்று சக்கர மிதிவண்டியை, நிறுத்தி, சீனத்தில் இரண்டு அதட்டு அதட்டி, எங்களை ஏற்றிவிட்டாள்.

ட்ரைஷாவில் போகும்போது, கழுத்தில் மீதி இருந்த இரண்டு ஊக்குகளையும் பிடித்துக்கொண்டே போனேன். நான் குடிக்கக் கொடுத்த இடத்திலேயே விழுங்கவும் கொடுத்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. மகள் தூங்கிவிட்டாள். அவள் வாயில் எச்சில் ஒழுகுவது நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் இருந்தார். மிஸி என்றுதான் நாங்கள் நர்ஸுகளைக் கூப்பிடுவோம். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி, ஒட்டிப்போன கன்னம், என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

"இஞ்சை வர முந்தி ஆரிட்டையும் காட்டினனீரோ?"

"இல்ல மிஸி."

அவர் மகளின் கழுத்தை ஒரு விரலால் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். "அப்ப இந்த நல்லெண்ணெய் தானா ஊறினதோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

எக்ஸ்ரே எடுக்கிற அறை இருட்டாக, ஈரப் பாறை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. மகளை ஒரு பலகைமேல் படுக்க வைத்து, என்னையே அவள் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏதோ ஒன்று இரைந்தது. அவ்வளவுதான். யாரும் அவளைத் தொடவில்லை, குத்தவில்லை. முடிந்துவிட்டது என்றபோது நான் நம்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். சீனர், இளவயது. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்த ஒரு கறுப்புப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

அதுவரை நான் கோயிலில் சாமியைப் பார்த்திருக்கிறேன், கடலில் பெரிய கப்பல்களைப் பார்த்திருக்கிறேன், தீ பிடித்த தோட்டத்தைப் பார்த்திருக்கிறேன். எதையும் இப்படிப் பார்த்ததில்லை. படத்தில் என் மகள் இருந்தாள். முகம் இல்லை, தோல் இல்லை. ஆனால் அவள்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கும் அதே சாய்வு. மீன்முள் மாதிரி மெல்லிசான விலா எலும்புகள், இடதும் வலதும் ஒன்றுபோல. அவற்றின் ஓரத்தில் என் விரல் எலும்புகள், அவள் கையைப் பிடித்தபடி. பழைய சோறும் கருவாடும் தின்று, மாவாட்டும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதைப் பற்றியும் யோசிக்காமல் நான் இவ்வளவையும் செய்திருக்கிறேன். எனக்குக் கோலம்கூடச் சரியாகப் போட வராது. இந்த எலும்புகளில் ஒன்றுகூடக் கோணவில்லை.

எலும்புகளுக்குக் கீழே, வயிற்றின் சாம்பல் நிறத்துக்குள், எல்லாவற்றையும்விட வெள்ளையாக, ஊக்கு இருந்தது. வாய் திறந்திருந்தது.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். மிஸி எனக்குச் சொன்னார்.

"கேளும். ஊக்கு தொண்டைக்குழாயிலை நிண்டிருக்கு. அதாலைதான் விழுங்க ஏலாமல் எச்சில் வடிஞ்சது. இப்ப இரைப்பைக்குள்ளை விழுந்திட்டுது. நீவினதாலை விழுந்ததோ, தானா விழுந்ததோ, டொக்டருக்குத் தெரியாதாம். நீவேக்கை குத்திக் கிழிச்சிருந்தா இப்ப நீர் இஞ்சை நிண்டு கதைச்சுக்கொண்டு இருக்கமாட்டீர். அது விளங்குதோ?"

"விளங்குது."

"இனி ஒண்டுதான். ஒவ்வொரு நாளும் காலமை படம் எடுப்பம். ஊக்கு நடந்துகொண்டு இருந்தா நாங்கள் தொடமாட்டம். ரெண்டு நாள் ஒரே இடத்திலை நிண்டிட்டா, வயித்தை வெட்டி எடுக்கிறதுதான். இந்த வயசுப் பிள்ளைக்கு வெட்டுறது சின்ன விசயமில்லை."

"நடக்கணும்," என்றேன்.

"ஓம். நடக்கவேணும்."

அன்று மாலையே அவள் பிசைந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாள். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். ஊக்கை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே சாப்பிடுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் யாருக்கும் சொல்லி விளங்க வைக்க முடியாது. ரொட்டி, வாழைப்பழம், கெட்டியான கஞ்சி. அதெல்லாம் ஊக்கைச் சுற்றிப் பொதிந்துகொள்ளும் என்றார் மிஸி. ஓடலாம், விளையாடலாம், ஒன்றும் தடையில்லை. ஆனால் அவள் போகிற மலம் ஒன்றையும் பார்க்காமல் கொட்டக் கூடாது.

அதற்கு ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தாள். நான் விடவில்லை. எனாமல் சட்டியை வாங்கிக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோய், தண்ணீர் விட்டு, குச்சியால் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுவேன். பிடோக்கிலிருந்து கொண்டுவந்த துணிதான். அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளையின் தாய் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். எனக்கு அருவருப்பே வரவில்லை. பிள்ளை வளர்ப்பதில் பாதி இதுதானே. பேசத் தெரியாத உயிர் தன் உள்ளே நடப்பதைப் பற்றி நமக்குச் சொல்லியனுப்பும் சேதி அது ஒன்றுதான். நிறம் பார்க்கிறோம், நாற்றம் பார்க்கிறோம், சளியா சீதமா என்று பார்க்கிறோம். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

பிற்பாடு எனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கட்டிக்கொண்டவர் வந்தார், போனார், வந்தார். சந்துகளில் பலகைத் தடுப்பு அறைகளில் இருந்தோம், அறுபதுகளில் அடுக்குமாடியில் வீடு கிடைத்து மாறினோம். மூன்று பேருக்கும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தேன், ஊசி போடச் சொன்ன நாளில் தவறாமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டையும் செய்தேன். ஒன்று சரி என்பதற்காக மற்றது தப்பு என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் யோசிப்பது என்னவோ, அந்த வெளிச்சப் பெட்டிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை முதலில் ஒத்துக்கொள்வேன். அதற்கு முன்னால் நான் அப்படி இல்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் எடுத்த படத்தில் ஊக்கு இரைப்பையின் வாயைத் தாண்டியிருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துத் தனக்குள் சீட்டியடித்தார். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் கீழே, நடுவயிற்றில். திறந்த கூர்முனை பின்னால் பார்த்திருந்தது. வளைந்த மொட்டை முனை முன்னால் பார்த்திருந்தது. முதல் நாள் படத்தில் கூர்தான் முன்னால் இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"மிஸி, இது திரும்பியிருக்கு."

"ஓ, கண்டுபிடிச்சிட்டீரோ. நீர் மூண்டாம் வகுப்பு எண்டு பொய்தான் சொல்லியிருக்கிறீர்." அவர் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, இடது கையைக் குழாய் மாதிரிக் குவித்து, வலது கை விரலை அதற்குள் விட்டுக் காட்டினார். விரல் நுனி பட்ட இடத்தில் குவித்த கை பின்வாங்கியது. பிறகு மெல்லச் சுருங்கி விரலைத் திருப்பியது.

"குடலைச் சும்மா குழாய் எண்டு நினையாதையும்," என்றார் மிஸி. "கூர் பட்டா அந்த இடம் பள்ளமா உள்வாங்குமாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கி, ஊக்கைத் திருப்பி, மொட்டைப் பக்கத்தை முன்னுக்கு விடுமாம். எல்லா நேரமும் இல்லை. பெரும்பாலும்."

நான் போய்க் கட்டிலருகே நின்று மகளைப் பார்த்தேன். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் கன்னத்தில் இடித்துக்கொள்கிறவள். எறும்பைப் பிடித்துத் தின்கிறவள். தீயை எட்டிப் பிடிக்கப் போகிறவள். வெளியே ஒன்றுமே தெரியாத இந்தப் பிள்ளைக்கு உள்ளே இவ்வளவு தெரிந்திருக்கிறது. நான் கற்றுக்கொடுக்கவில்லை. நான் தூங்கும்போதும் அது தன்பாட்டுக்கு, இருட்டில், கண் இல்லாமல், விரல் இல்லாமல், ஒரு திறந்த ஊக்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. அவள் வயிற்றில் கை வைத்தேன். சூடாக, மெதுவாக ஏறி இறங்கியது. கையை எடுக்கவே தோன்றவில்லை.

நான்காம் நாள் படத்தில் ஊக்கு அதே இடத்தில் இருந்தது.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, அளவுகோல் வைத்துப் பார்த்தார். அவர் போன பிறகு மிஸிதான் சொன்னார். "நாளைக்குக் காலமைப் படம் பாப்பம். அப்பவும் நிண்டா, பின்னேரம் வெட்டுவினம். இப்ப அழுதுபோடாதையும். பிள்ளை பாத்துக்கொண்டிருக்கு."

மாலையில் பார்வையாளர் நேரத்தில், தொக்கம் எடுத்த அம்மாள் வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அங்கிருந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்து மிரண்டு, கட்டிலின் அந்தப் பக்கமாக ஒடுங்கி நின்றாள்.

"உசுரோட இருக்காளா. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. எனக்கு எவ தொக்கம் எடுப்பா?" என்றாள். மகளின் கன்னத்தைக் கிள்ளினாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். நாளைக்கு வெட்டுவார்கள் என்றேன்.

மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் கையில் வைத்து மூடினாள். "வெளக்கெண்ணெய். ரெண்டு கரண்டி குடு. அடிச்சுக்கிட்டு வந்துரும். வெட்டுறதுக்கு வேலையே இல்ல."

"பேதிக்குக் குடுக்கக் கூடாதுன்னு மிஸி சொன்னாங்க."

"அவுகளுக்கு வெட்டத்தான் தெரியும். நம்ம பிள்ளைகளுக்கு மாசாமாசம் குடுக்கிறதுதானே. எத்தனை பிள்ளை செத்துச்சு? நான் ஒண்ணும் சொல்லல. நீ பெத்தவ, நீ பாத்துக்க."

அவள் போனாள். பாட்டில் என் கையில் இருந்தது.

இது நான் பிறகு யாருக்கும் முழுதாகச் சொல்லாதது. தக்கையைத் திறந்தேன். கரண்டியில் ஊற்றினேன். எனக்கு விளக்கெண்ணெய்மேல் இருந்த நம்பிக்கை டாக்டர்மேல் இல்லை. டாக்டரை நான்கு நாளாகத்தான் தெரியும். விளக்கெண்ணெயைப் பிறந்ததிலிருந்து தெரியும். அதோடு, நான் காத்திருந்து பழகாதவள். ஒரு வேலை பிடிக்கவில்லையா, கிளம்பு. ஓர் ஊர் ஒத்துவரவில்லையா, பஸ் ஏறு. ஒரு காரியம் நின்றுபோனால் அதைப் பிடித்துத் தள்ளிவிடவேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அப்படித்தான் பிழைத்து வந்திருந்தேன்.

மகள் எண்ணெய் வாசத்தை மோந்துவிட்டாள். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும். எல்லாத் தாய்க்கும் தெரியும். கை மூக்குவரை போனது.

அப்போது டாக்டரின் குவித்த கை நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக என்று மிஸி சொன்னது. உள்ளே அது இப்போது நிற்கவில்லையோ என்னவோ, திருப்பிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. ஒரு வளைவில், யாருக்கும் தெரியாமல், நிதானமாக. நான் பின்னாலிருந்து வெள்ளத்தைத் திறந்துவிட்டால் அதற்குத் திருப்ப நேரம் இருக்குமா? அந்தக் கூர் எங்கே போய்க் குத்தும்?

கரண்டியிலிருந்ததைப் பாட்டிலில் திரும்ப ஊற்றப் பார்த்தேன். தரையில் கொட்டிவிட்டது. பாட்டிலைக் கொண்டுபோய் மிஸியின் மேசைமேல் வைத்தேன்.

அவர் தக்கையை எடுத்து மோந்து பார்த்தார். முகம் மாறியது. "குடுத்தனீரோ?"

"இல்ல மிஸி."

"முந்தியும் ஒருக்கா இல்லை எண்டுதான் சொன்னனீர்."

"இந்தத் தடவ நெசமா இல்ல. தரையில கொட்டிருச்சு. வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். குனிந்து மகளின் வாயையும் மோந்து பார்த்தார். பிறகு என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, என்னை உட்காரச் சொல்லி, அவரே ஒரு கந்தைத் துணியால் அந்த எண்ணெயைத் துடைத்தார். "வழுக்கி விழுந்தா அதுக்கும் ஒரு படம் எடுக்கவேணும்," என்றார்.

ஐந்தாம் நாள் காலை, படம் காய்வதற்கு முன்பே நான் வெளிச்சப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். போகச் சொன்னார்கள். போகவில்லை. டாக்டர் படத்தை மாட்டினார். நடுவயிற்றில் ஊக்கைத் தேடினேன். அங்கே இல்லை. எனக்கு அது விளங்கவே நேரமானது. டாக்டர் தன் விரலைக் கீழே, இடுப்பெலும்பின் வட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். அங்கே இருந்தது. வாய் திறந்தபடி, மொட்டை முன்னால், கூர் பின்னால். ஒரு ராத்திரியில் குடலின் சுருள் முழுவதையும் கடந்திருந்தது.

"நடந்திட்டுதடி பிள்ளை," என்றார் மிஸி. அதுவரை என்னை 'டி' போட்டதில்லை.

மறுநாள் மத்தியானம், சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கரைக்கும்போது குச்சியில் ஏதோ இடறியது. எனாமலில் ஒரு சின்னச் சத்தம். எடுத்துக் கழுவினேன். கறுத்துப்போயிருந்தது. என் சுண்டுவிரலின் முதல் கணு நீளம்கூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு கழுவுமிடத்தின் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கட்டிலில் மகள் பாலுக்கு அழுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

டாக்டர் ஓடி வந்தார். ஊக்கை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற டாக்டர்களுக்குக் காட்டவாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் ஒன்றைக் கேட்டேன், எலும்புகள் இருக்கும் முதல் படத்தை. தரமாட்டோம் என்றார்கள்.

இன்னும் இரண்டு நாள் பிள்ளை இருக்கட்டும், காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கே போவது என்று நான் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன். பிடோக் வீட்டுக்குப் போக முடியாது. மாலையில் மிஸி வந்து கட்டிலருகே நின்றார்.

"எங்கடை வார்டிலை சட்டி கழுவுற பெட்டை கல்யாணம் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போறாள். பெரிய சிஸ்டர் ஆறு நாளா உம்மைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா. மூக்கைச் சுளிக்காமல் செய்யிறீராம். நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வாறீரோ?"

"வர்றேன் மிஸி."

"எத்தினை மாதம் நிப்பீர்?"

"தெரியாது."

"உண்மையைச் சொல்லுறீர். சொல்லிப்போட்டுப் போனாச் சரி."

மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு நீலச் சட்டை கொடுத்தார்கள். கணுக்கால் வரை இருந்தது. மேலே மடித்துக் கட்டிக்கொண்டேன். மகள் தன் கட்டிலில் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் யாரோ என்பது போல என்னைப் பார்த்தாள். முதல் சட்டி, மூன்று கட்டில் தள்ளி இருந்த ஒரு சீனத்துச் சிறுமியுடையது. கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனேன். அந்தச் சட்டியில் தேடுவதற்கு எதுவும் இல்லை, நேராகக் கொட்டிக் கழுவினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கொட்டுவதற்கு முன்னால் நின்று பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது. கெட்டியாக இருந்தது. வாசலில் அந்தப் பிள்ளையின் தாய் வந்து நின்று, கேட்கப் பயந்துகொண்டு, என் முகத்தையே பார்த்தாள். எனக்குச் சீனம் தெரியாது. "பாகூஸ்," என்று மலாயில் சொன்னேன், நல்லா இருக்கு என்று. அவள் போய்விட்டாள். நான் சட்டியைக் கொட்டி, கழுவி, அடுத்ததை எடுத்தேன்.